வியாழக்கிழமைக் கோப்பு

வியாழன்தோறும் பத்து மணிக்கு வந்துவிடும்.
வெறும் உரைக்கோப்பு, காற்புள்ளிகளால் தைத்தது.
வீட்டு எண், பெயர், குதிரை, மாடு, ஒட்டகம்,
செம்மறி, வெள்ளாடு,
கடைசியில் உலர்புல் எத்தனை கட்டு மீதி என்று.
எங்கள் சோமில் நானூற்றுப் பன்னிரண்டு வீடு.
ஜன்னலுக்கு வெளியே கழித்தல் முப்பத்தெட்டு.
கையுறையின் விரல்நுனிகளை வெட்டிவிட்டுத்
தட்டச்சு செய்கிறேன்.

என் வேலை ஒரே ஒரு வகுத்தல்.
கட்டுகளை, உயிரோடு இருக்கும் தலைகளால்.
விடை குறைந்த வீட்டுக்கு
தோர்லிக்கின் லாரி முதலில் போகும்.

நவம்பரில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்:
கோப்பைத் திற, மொத்தமாய் அள்ளு,
போன வாரத்தின் தலையில் கவிழ்.
கவிழ்த்ததும் சூத்திரங்கள் அடியில் போய்விடும்.
இரும்பு ஸுத் என்பார்கள் இங்கே,
மழை பெய்து உறைந்து புல்லின் மேல் கண்ணாடியாக நிற்பதை.
அதுபோல என்று சொல்ல எனக்கே பிடிக்கவில்லை.
அந்தக் குளிரில் வேறு உவமை கைக்கு அகப்படவில்லை.

வாரம் தவறாமல் மறுபடி எழுதினேன்.
முதல் கட்டத்தில் எழுதி, மூலையைப் பிடித்து
நானூற்றுப் பன்னிரண்டு வரைக்கும் இழுத்து.
டிசம்பரில் ஓர் இரவு, தூக்கக் கலக்கம்,
தலைகளை மூன்றாம் வரியிலிருந்து எடுத்தேன்,
கட்டுகளை நான்காம் வரியிலிருந்து.
செவ்ஜித் வீட்டுப் புல்லை
கல்சன் வீட்டு ஆடுகளுக்குப் பங்கிட்டது தாள்.
ஒரு சிவப்பு இல்லை, ஒரு பிழைச்சொல் இல்லை.
கல்சனிடம் இருந்தது ஒன்பது கட்டு.
தாள் எழுபது என்று நினைத்துக்கொண்டது.
லாரி வடக்கே போயிற்று.
கல்சன் தெற்கே இருந்தார்.

பிறகுதான் கற்றேன்.
வந்து விழ ஒரு தாள், யோசிக்க ஒரு தாள்.
முதல் தாளில் கோப்பு தன் இஷ்டத்துக்கு வரட்டும்,
புதுப்பி என்று ஒரு பொத்தான், அதோடு சரி.
இரண்டாவதில் சூத்திரங்கள்.
அங்கே யாரும் எதையும் கவிழ்ப்பதில்லை,
நான் உட்பட.
அவை முதல் தாளை எட்டிப் பார்த்துக் கேட்கும்,
எத்தனையாவது வரி என்றல்ல,
எந்த வீடு என்று.
இருபது நிமிட வேலை.
நவம்பரில் இருபது நிமிடம் இல்லாமலா போனது எனக்கு.

பிப்ரவரியில் வரிகள் குறையவில்லை, எண்கள் மெலிந்தன.
ஒரு வியாழன் கல்சன் வரியில் ஐந்து சைபர்.
கட்டு மட்டும் இருபத்தாறு;
லாரி ஒருவழியாகப் போய்ச் சேர்ந்திருந்தது.
இரண்டாம் தாள் சொன்னது:
பூஜ்யத்தால் வகுக்க முடியாது.

உலான்பாத்தரிலிருந்து தொலைபேசி.
அறிக்கையில் அது அசிங்கமாகத் தெரிகிறதாம்.
பிழை வந்தால் வெற்றிடம் காட்டு என்று
சூத்திரத்தில் ஒரு சொல் சேர்த்தால் போதுமாம்.
போதும்தான், எனக்கும் தெரியும்.
சரி என்றேன்.
சேர்க்கவில்லை.

மார்ச், மூன்றாம் வியாழன். புதுப்பி.
கல்சன்:
குதிரை சைபர், மாடு சைபர், ஒட்டகம் சைபர், செம்மறி சைபர்,
வெள்ளாடு ஒன்று.
யார் கொடுத்தார்கள், விலைக்கா, சும்மாவா,
கோப்பில் அதற்குக் கட்டம் இல்லை.
சூத்திரம் அங்கேயேதான் இருந்திருக்கிறது,
நான்கு வாரமாக, வகுக்க ஏதாவது வருமா என்று.
இருபத்தாறு வகுத்தல் ஒன்று.
சோமிலேயே பெரிய விடை.

தோர்லிக் பட்டியலை அடியிலிருந்து படிக்கிறவன்.
"கான் வீட்டு ஆடு போலிருக்கிறதே" என்று சிரித்தான்.
லாரி அந்தப் பக்கம் போக வேண்டியதில்லை.
போகிற வழியில் ஒரு தடவை பார்த்துவிட்டு வா என்றேன்.
வழி அது இல்லை என்று அவனுக்கும் தெரியும்.
சாவியை எடுத்துக்கொண்டான்.